பிசிக்ஸ் படிச்சா சோறு போடுமா?

ஊர்ல பி.எஸ்சி. பிசிக்ஸ் கடைசி வருஷம் படிக்கிற தம்பி ஒருத்தன் கேட்டான்: "அண்ணே, ஜெர்மனியில ஃபீஸே கிடையாதாமே, அப்புறம் எதுக்கு பன்னெண்டு லட்சம் லோன்? அப்பா வீட்டுப் பத்திரத்தை எடுத்து வெச்சுட்டாரு." நம்ம ஊர் பேங்குகள்ல கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினாலே பெரும்பாலும் சொத்து ஜாமீன் கேட்பாங்க. பத்திரம் வரைக்கும் போனப்புறம் சும்மா "நல்லா இருக்குடா, வா" என்று சொல்ல மனசு வரலை.

ஃபீஸ் கிடையாது என்பது முக்கால்வாசி உண்மை. பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு செமஸ்டருக்குச் சில நூறு யூரோ கட்டினால் போதும். ஆனால் ஹைடெல்பெர்க், ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ எல்லாம் இருக்கிற பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் 2017-லிருந்து நம்மைப் போன்ற ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரில் ஆரம்பித்துவிட்டது. மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. பேர் பார்த்து மயங்கி விண்ணப்பிக்கிறவங்க கவனிக்க.

அந்தப் பன்னெண்டு லட்சம் ஃபீஸ் இல்லை, சாப்பாட்டுக் காசு. விசாவுக்கு முன்னாடி ஒரு வருஷச் செலவை முடக்குக் கணக்கில் போட்டுக் காட்டணும். 2024 செப்டம்பரில் அதை 11,904 யூரோ ஆக்கினார்கள். ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தாலே பன்னெண்டு லட்சம். இங்கே வந்ததும் அதிலிருந்தே மாசம் 992 யூரோ நம்ம கைக்கு வரும். மூனிக்கில் அது வாடகைக்கும் இன்ஷூரன்ஸுக்கும் போனால் மிச்சம் மேகி நூடுல்ஸ்தான் :-) யெனா, கெம்னிட்ஸ் மாதிரி ஊர்களில் சமாளிக்கலாம்.

ரெண்டாவது வருஷத்துக்கு இன்னொரு பன்னெண்டு லட்சமா? அங்கேதான் "ஹிவி" வேலை கை கொடுக்கும். முதல் வருஷப் பிள்ளைகளோட கணக்குத் தாளைத் திருத்துவது, லேபில் எடுபிடி, இதுக்குத்தான் அந்தப் பேர். 2024 மார்ச்சிலிருந்து மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். ஹோட்டலில் தட்டுக் கழுவினாலும் காசு வரும்தான், ஆனால் ஹிவி வேலையில் ஒரு புரொபசருக்கு நம்ம முகம் தெரியும். அது பின்னாடி உதவும்.

இதுவரைக்கும் சொன்னது சின்னச் செலவு. பெரிய செலவு வருஷங்கள். மாஸ்டர்ஸ் ரெண்டு வருஷம் என்று பேர், இழுத்துக்கொண்டு போவது சகஜம். அதுக்கு மேல பிஎச்.டி. மூணு, நாலு, அஞ்சு வருஷம். கூடப் படிச்சவன் இருபத்தொண்ணு வயசில் சென்னையில் ஐ.டி. கம்பெனிக்குப் போய் ப்ளாட்டுக்கு ஈ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருப்பான். நமக்கு முப்பது நெருங்கும்போதுதான் சரியான சம்பளம்.

பிஎச்.டி.யில் பட்டினி கிடக்க வேண்டாம், அது சம்பள வேலை. மாநிலப் பல்கலைக்கழக சம்பள விகிதத்தில் இ-13 என்று ஒரு படி. 2025-ல் முழு வேலைக்குத் தொடக்கச் சம்பளம் மாசம் 4,600 யூரோவுக்குக் கொஞ்சம் மேல். ஆனா பிசிக்ஸில் பலருக்கு மூணில் ரெண்டு பங்கு வேலைதான் தருவாங்க, சில இடங்களில் பாதி. வேலை மட்டும் முழுசு! பிடித்தம் போக கைக்கு ரெண்டாயிரம் யூரோ பக்கம்.

அதுக்கப்புறம் புரொபசர் ஆகலாம் என்ற கனவு இருந்தால் சட்டத்தையும் படிச்சுக்கோங்க. 2007-ல் வந்த சட்டப்படி பல்கலைக்கழகத்தில் தற்காலிக வேலையில் பிஎச்.டி.க்கு முன்னாடி 6 வருஷம், பின்னாடி 6 வருஷம் என்பது பொதுவான வரம்பு. அரசாங்கம் இதை விளக்க ஹன்னா என்று ஒரு கார்ட்டூன் பெண்ணை வைத்து வீடியோ எடுத்தது. 2021-ல் ஆராய்ச்சியாளர்கள் "நான்தான் ஹன்னா" என்று கிளம்பி இணையத்தில் கிழி கிழி என்று கிழித்தார்கள்.

வெளியில் வேலை இருக்கு. உலகத்தின் அதிநவீன சிப்புகள் நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். மெஷின் இல்லாமல் தயாராகாது. அதுக்குள்ள இருக்கிற கண்ணாடிகள் ஜெர்மனியில் ஸைஸ் கம்பெனி செய்வது. அந்தக் கம்பெனி யெனாவில் பிறந்தது, எர்ன்ஸ்ட் அபே என்கிற இயற்பியலாளரின் கணக்கில் வளர்ந்தது. இந்த மாதிரி இடங்களில் லேசர், வாக்யூம், மெல்லிய படலம் தெரிந்தவனுக்கு மதிப்பு. தியரிக்காரர்கள் பலர் மென்பொருளுக்கும் இன்ஷூரன்ஸ் கணக்குக்கும் போகிறார்கள். படிப்பு முடிந்து வேலை தேட 18 மாசம் தங்க விடுவார்கள். ஆனால் ஜெர்மன் மொழி பேச வராவிட்டால் அதில் பாதி கதவு திறக்காது. டிகிரியில் என்ன எழுதியிருக்கு என்பதை விட, ரெண்டாவது வருஷம் முழுக்க எந்த குரூப்பில் தீசிஸ் செய்தாய் என்பதைத்தான் இன்டர்வியூவில் நோண்டுவார்கள்.

தம்பிக்கு ஸ்ட்ரிங் தியரி மேலதான் ஆசை. அவனுக்கு நான் சொன்னது: பிப்ரவரியில் வரும் ஜாம் எழுது, ஜெஸ்ட்டும் எழுது. பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யில் பி.எஸ்சி. முடித்தவுடன் ஒருங்கிணைந்த பிஎச்.டி. சேர வழி இருக்கு. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாசம் 37,000 ரூபாய், அதுக்கு யாரும் பத்திரம் கேட்க மாட்டார்கள். அது கிடைக்கலைன்னா, கட்டணம் இல்லாத ஊரா நாலைஞ்சு பார்த்து விண்ணப்பம் போடலாம், இப்பவே ஜெர்மன் கிளாஸில் சேர்ந்துகிட்டு.