கல்லீரலில் கொழுப்பும் அதற்கு ஓர் எண்ணும்

'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்பர் பெரியோர். அச்செல்வத்தை நாம் அறியாமலே கரைக்கும் நோய் ஒன்றைப் பற்றியும், அதற்கு மருத்துவர்கள் இடும் எண்ணைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம். எண்ணில் என்ன இருக்கிறது என்று தோழியர் கேட்கலாம். எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் பெரியப்பா பட்டு நெசவாளர். பதினான்கு வயதில் குழித்தறியில் இறங்கியவர், இப்போது ஐம்பத்திரண்டு. வெற்றிலை போடும் பழக்கம்கூட அவருக்கு இல்லை. சென்ற ஆண்டு பித்தப்பையில் கல் என்று வெளியூர் மருத்துவமனை ஒன்றில் அறுவைச் சிகிச்சைக்குச் சேர்த்தோம். ஸ்கேன் எடுத்தபோது கல்லோடு சேர்த்து, 'கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை' என்றும் எழுதிக் கொடுத்தார்கள். காப்பீட்டுக்காக அனுப்பிய படிவத்தில் அதற்கு நேரே கே 70.0 என்று இருந்தது. அது என்னவென்று எங்களில் யாரும் கேட்கவில்லை. சில வாரங்கள் கழித்து, மதுப்பழக்கத்தை மறைத்துவிட்டீர்கள், ஆகவே பணம் தர இயலாது என்று கடிதம் வந்தது.

பணம்கூடப் பெரிதில்லை. செய்தி எப்படியோ தெருவுக்குத் தெரிந்து, "இவரா? நம்பவே முடியவில்லையே!" என்று தறிக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். பெரியம்மா ஒரு வாரம் வாசலுக்கே வரவில்லை. கல்லீரல் கெட்டால் குடிதான் காரணம் என்று நம் ஊரில் எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

கல்லீரல் வலப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு அதன் எடை ஏறக்குறைய ஒன்றரை கிலோ. உண்ட உணவின் மாச்சத்து சர்க்கரையாக மாறி முதலில் அங்கேதான் போய்ச் சேரும். கல்லீரல் அதில் கொஞ்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும். அந்தச் சேமிப்பு அறை சிறியது. அது நிரம்பிய பிறகும் வந்துகொண்டே இருந்தால், மிச்சத்தைக் கொழுப்பாக மாற்றத் தொடங்கும். வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பும் இரத்தத்தின் வழியே அங்கு வரும். கல்லீரலில் கொழுப்பு நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டினால் அது நோய். வலி இராது, காய்ச்சல் இராது. அதனால்தான் வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் இது தெரியவருகிறது. ஸ்கேனில் கொழுப்பு படிந்த கல்லீரல் பக்கத்திலுள்ள சிறுநீரகத்தைவிட வெளிச்சமாகத் தெரியுமாம்.

நாள் முழுவதும் உழைக்கும் நெசவாளிக்குக் கொழுப்பு எங்கிருந்து வரும்? பெரியப்பா மருத்துவரிடம் கேட்டதும் இதைத்தான். குழித்தறியில் கால் மிதிக்கிறது, கை நாடாவை ஓட்டுகிறது. ஆனால் உடல் காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆரணிக்குப் பட்டைப்போல அரிசியாலும் பெயர் உண்டு. நம் வீடுகளில் மூன்று வேளையும் அரிசிதான். காலை இட்லி, மதியம் குழம்பு ஊற்றி இரண்டு முறை சோறு, இரவு மிச்சச் சோறு. இடையில் சர்க்கரை போட்ட தேநீர் எத்தனை தடவை என்று பெரியம்மா ஒரு நாள் எண்ணினார், ஏழு! இந்தியர்களில் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடாது என்பர். பெரியப்பாவுக்கு 98 இருந்தது.

இது அவர் ஒருவருக்கு மட்டும் வந்த நோயன்று. சென்னையில் மருத்துவர் வி. மோகனும் அவர் குழுவினரும் 541 பேரைச் சோதித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. சர்க்கரை நோயாளிகளிலோ பாதிப் பேருக்கு மேல். கவனியாமல் விட்டால் சிலருக்குக் கல்லீரல் வீங்கி, தழும்பு விழுந்து, சிரோசிஸ் எனும் கல்லீரல் சுருக்கம் வரை போகும்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். ஒரே நோயை ஒவ்வொரு நாட்டில் ஒவ்வொரு பெயரால் எழுதினால் கணக்கெடுக்க முடியாது. ஆகவே இறப்புக் காரணங்களுக்கு ஒரு பொதுப் பட்டியலை ழாக் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சுப் புள்ளியியலார் 1893-இல் சிகாகோவில் அளித்தார். 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பேணி வருகிறது. இறப்புக்கு மட்டுமன்றி எல்லா நோய்களுக்கும் எண் வந்தது. 1990-இல் ஏற்கப்பட்ட பத்தாம் பதிப்பில் 'கே' என்ற எழுத்து செரிமான உறுப்புகளைக் குறிக்கும். 70 முதல் 77 வரை கல்லீரல். மதுவினால் வரும் கல்லீரல் நோய்கள் கே 70. அதில் கொழுப்பு மட்டும் என்றால் கே 70.0. மது காரணமில்லாத கொழுப்புக்கு கே 76.0. கொழுப்போடு வீக்கமும் சேர்ந்தால் கே 75.8. வைரஸால் வரும் மஞ்சள் காமாலை இந்தப் பகுதியிலேயே இல்லை. அது தொற்று நோய்களோடு 'பி' எழுத்தில் இருக்கிறது.

எங்கள் வீட்டை ஆட்டிவைத்தது ஆறு எழுத வேண்டிய இடத்தில் எழுதிய ஒரு பூஜ்யம். படிவத்தை நிரப்பியவர் கொழுப்பு என்பதைப் பார்த்தார். மது உண்டா என்று பார்க்கவில்லை. எங்கள் அக்கா கல்லூரியில் படிப்பவள். அவள்தான் பட்டியலைத் தேடிப் படித்து, "பெரியப்பா, இது உங்கள் எண் இல்லை" என்றாள். சிகிச்சை செய்த மருத்துவர் அதைப் பார்த்ததும் வருந்தி, கே 76.0 என்று திருத்திக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்துப் பணம் வந்தது.

2019-இல் ஏற்கப்பட்டு 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பில் இந்நோய்க்கு டிபி 92 என்று வேறு எண் உண்டு. 2023-இல் பன்னாட்டு மருத்துவர்கள் கூடி, 'மதுசாரா' என்ற சொல்லையே பெயரிலிருந்து நீக்கி, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாற்றால் வரும் நோய் என்று பெயரை மாற்றினார்கள். குடிக்காதவர் நோயின் பெயரில் குடி எதற்கு என்று பெரியம்மா அப்போதே கேட்டிருப்பார். இந்திய அரசும் 2021-இல் இந்நோயைச் சர்க்கரை, இதய நோய்த் தடுப்புத் திட்டத்தோடு சேர்த்துக்கொண்டது.

பெரியப்பாவுக்கு இதற்கென்று மாத்திரை எழுதித் தரவில்லை. உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால் கொழுப்பு குறையத் தொடங்கும், ஏழிலிருந்து பத்து பங்கு குறைந்தால் வீக்கமும் தணியும் என்றார் மருத்துவர். பெரியப்பா 82 கிலோ. தினமும் விடியற்காலையில் கோட்டை மைதானத்தைச் சுற்றி நடக்கிறார். இரவுச் சோற்றுக்குப் பதில் கேழ்வரகு அடையும் கீரையும். தேநீர் இரண்டு வேளை, சர்க்கரை இல்லாமல். அதற்குத்தான் இன்னும் முகம் சுளிக்கிறார். எட்டு மாதத்தில் 76 கிலோவுக்கு வந்திருக்கிறார். திருத்திய படிவத்தின் நகலை ஜரிகைப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறார். தறிக்கூடத்தில் யாராவது பேச்செடுத்தால் எடுத்துக் காட்டுவதற்காம்.