பழைய சைக்கிள் செயினைப் பிரித்து இணைக்கும் முறை

தூத்துக்குடி, ஆறுமுகநேரி, வேம்பார் முதலிய முத்துக்குளித்துறைக் கடலோர ஊர்களில் காற்றில் உப்பு மிகுதி. இரும்பின் மேல் படியும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கிறது. வாழைத்தாரும் புல்லுக்கட்டும் ஏற்றிச் செல்லும் சைக்கிளில், துருவேறிய ஒரு கண்ணி மடங்காமல் நின்றாலும் செயின் நழுவும்; பாரம் ஏற்றிய வேளையில் அறுந்தும் போகும். செயின் கட்டர் ஒன்று இருந்தால் இப்பழுதை நீங்களே நீக்கிக்கொள்ளலாம்.

முதலில் அளந்து பாருங்கள்

செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து 25-ஆவது பின்னின் நடுவரை அளக்க வேண்டும். புதுச் செயினில் இது சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுவது நல்லது. 1/8 அங்குலம் கூடியிருந்தால் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். அவற்றையும் பார்த்து மாற்ற வேண்டும். தொய்வு நீங்கக் கண்ணிகளைக் கழற்றிவிடுவது பலரின் வழக்கம். இதனால் நீளம் குறையுமே தவிர, மற்றக் கண்ணிகளின் தேய்மானம் போகாது. அச்செயின் பற்களைத் தின்றுவிடும்.

பிரிக்கும் முறை

1. செயின் லாக் இருந்தால் அதைக் கழற்றிச் செயினை எடுத்து, மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஓர் இரவு ஊறவிடுங்கள். பல கண்ணிகள் இதிலேயே இளகிவிடும்.

2. இளகாத கண்ணியைக் கட்டரில் நன்றாகப் பதியவைத்து, திருகின் முனையைப் பின்னின் நடுவில் பொருத்துங்கள். முனை விலகினால் தகடு வளையும், முனையும் ஒடியும்.

3. மெதுவாகத் திருகுங்கள். பின்னை முழுவதும் வெளியே தள்ளக் கூடாது. மறுபக்கத்து வெளித்தகட்டில் அது தங்கி நிற்க வேண்டும். விழுந்துவிட்டால் மீண்டும் செலுத்துவது கடினம்.

4. கெட்ட கண்ணியை நீக்கும்போது உள்கண்ணி ஒன்றும் வெளிக்கண்ணி ஒன்றுமாக 1 அங்குலம் எடுக்க வேண்டும். பின்சக்கரத்தை அரை அங்குலம் முன்னால் தள்ள இடமிருந்தால் அப்படியே இணைக்கலாம். இடமில்லையெனில் அதே அளவுள்ள நல்ல கண்ணிகளைச் சேருங்கள்.

5. இருபுறமும் சமமாக நிற்கும்வரை பின்னை உள்ளே திருகுங்கள். இணைப்பு இறுக்கமாக இருந்தால் செயினைப் பக்கவாட்டில் லேசாக அசைத்து இளக்குங்கள்.

செயின் லாக் மாட்டும்போது, கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். கியர் சைக்கிளின் மெல்லிய செயினில் பழைய பின்னை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். உப்பளப் பாதையில் போய்வந்த நாளில் நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டால் செயின் நீண்ட நாள் உழைக்கும்.