கரிசல் டிராக்டரின் ஸ்டியரிங் ஆயில்

ஐப்பசி மழையில் ஊறிய கரிசலில் டிராக்டரின் முன்சக்கரத்தைத் திருப்புவது லேசான காரியமல்ல. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் வட்டாரத்து மண்ணில் நீரை உறிஞ்சி உப்பும் களி அதிகம். நனைந்தால் டயரோடு அப்பிக்கொள்ளும். முன்பெல்லாம் அந்தப் பாரத்தை ஓட்டுநரின் தோள்தான் தாங்கியது. இப்போது எண்ணெய் தாங்குகிறது.

இன்ஜின் ஓடும்போது ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ளுகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதன் அடியிலுள்ள வால்வு அந்த எண்ணெயை சிலிண்டருக்கு அனுப்ப, சிலிண்டர் சக்கரத்தைத் திருப்புகிறது. அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926-லேயே இதைக் காரில் ஓட்டிக் காட்டினார். விற்பனைக்கு வந்தது 1951-ல், கிரைஸ்லர் காரில்.

பந்தயக் கார்களில் இந்த எண்ணெய்க்குத் தனிக் கவனிப்பு உண்டு. அதிவேகத்தில் சுழலும் பம்ப் எண்ணெயைக் கொதிக்க வைக்கும். நுரைத்தால் ஸ்டியரிங் இறுகும். சூடான சைலன்ஸர் குழாயில் சிந்தினால் தீப்பிடிக்கும். அதனால் கூலர் பொருத்தி, சூடு தாங்கும் சிந்தெடிக் ஆயில் ஊற்றுகிறார்கள். ஆனாலும் ஆயில் போனால் காரில் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தண்டு மிச்சமிருக்கும். இன்றைய பல டிராக்டர்களில் அந்தத் தண்டே கிடையாது. நடுவில் இருப்பது எண்ணெய் மட்டும்தான். டிரெய்லரில் பருத்தி ஏற்றிச் சாலையில் போகும்போது எண்ணெய் ஓடும் ஹோஸ் வெடித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பந்தயக் காரைவிட டிராக்டருக்கே இந்தக் கவனிப்பு அதிகம் வேண்டும் என்பேன்.

எந்த ஆயில் என்பதைக் கையேடுதான் சொல்ல வேண்டும். சில வண்டிகளில் ஸ்டியரிங்குக்குத் தனி டேங்க். சிலவற்றில் கியர், ஹைட்ராலிக் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய். அவசரத்துக்குக்கூட பிரேக் ஆயிலை ஊற்றாதீர்கள். அது ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

கோடையில் கரிசல் தூசி மாவாகப் பறக்கும். ஆயில் டேங்கின் மூடியைத் துடைக்காமல் திறந்தால் அது உள்ளே போய் பம்பை அராவும். ஆயில் பால் நிறமானால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்தால் காற்று புகுந்திருக்கிறது. கருகல் வாடை வந்தால் மாற்றும் நேரம் தாண்டிவிட்டது. வரப்போரம் திரும்பும்போது ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து அப்படியே பிடித்திருந்தால், எண்ணெய் குறுகிய வால்வு வழியே பிதுங்கிச் சீக்கிரம் சூடேறும். ஒடித்ததும் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள்.

ஒழுகும் ஹோஸுக்கு ஆயில் ஊற்றி ஊற்றி ஓட்டாமல், புரட்டாசி விதைப்புக்கு முன்பே ஹோஸை மாற்றிவிடுங்கள்.