எலும்பு கூடும் வரை

பூவத்திலிருந்து வாஞ்சூர் வரை காரைக்காலை ஊடறுத்துப் போகிறது கடற்கரைச் சாலை. இரு முனையிலும் தமிழ்நாடு. இங்கே வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தவருக்கு முதலுதவி ஓர் ஊரில், அறுவை சிகிச்சை தஞ்சாவூரிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ, கட்டு மாற்றுவது வீட்டருகே என்று ஒரே முறிவுக்கு மூன்று இடமாகிவிடுகிறது. பிளேட் வைத்ததும் எல்லாம் முடிந்தது என்று வீட்டார் நினைக்கிறார்கள். பிளேட் எலும்பைப் பிடித்து மட்டுமே வைக்கும். கூட வேண்டியது எலும்புதான். தொடை எலும்பென்றால் அதற்கு மாதக்கணக்காகும். கவனிப்பும் உரிமையும் கை நழுவுவது அந்த மாதங்களில்தான்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

முதல் நாட்களில் காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். விரல்களை அசைக்கச் சொல்லிப் பாருங்கள். மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறினாலோ, விரல் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருந்தால் காலையே இழக்க நேரலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். கூடவே மூச்சுத் திணறினால் உடனே 108-ஐ அழையுங்கள். தையலில் சீழ், காய்ச்சல் இரண்டும் கிருமித் தொற்றின் அடையாளம்.

எழ முடியாத முதியவரை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள், படுக்கைப்புண் வராமல் தடுக்க உதவும். பத்தியம் என்று மீனையும் முட்டையையும் நிறுத்தாதீர்கள்; புண் ஆறப் புரதம் வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும், பீடி சிகரெட் வேண்டவே வேண்டாம். பிளேட் வைத்த இடத்தில் எண்ணெய் போட்டு உருவ யாரையும் விடாதீர்கள். எப்போது கால் ஊன்றலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பிசியோதெரபியைத் தவறவிட்டால் மூட்டு இறுகிவிடும்.

கேட்டுப் பெற வேண்டியவை

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை தரும் மத்திய அரசுத் திட்டம் 2025 மே முதல் உள்ளது. அதற்கென அறிவிக்கப்பட்ட மருத்துவமனை எது என்று கேளுங்கள். ஆயுஷ்மான் பாரத் அட்டை எல்லை தாண்டியும் செல்லும்.

எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அதனால் மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு. வருவாய் அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். வண்டி தெரிந்தால் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். விபத்து நாகையில் நடந்திருந்தாலும், காரைக்காலில் வசிப்பவர் காரைக்காலிலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவதே நல்லது.

சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும். கட்டணம் வாங்கிய மருத்துவமனையின் அலட்சியத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சட்ட உதவி இலவசம், அழைக்க 15100.

டிஸ்சார்ஜ் சம்மரி, காயச் சான்று, எக்ஸ்ரே, மருந்துக் கடை ரசீது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். அடுத்த ஊர் மருத்துவர் முதலில் கேட்பது அந்தப் பையைத்தான். தீர்ப்பாயமும் அதையே கேட்கும்.