பின்னால் வேன் வரணுமா? பையில் பஞ்சர் சாமான் போதுமா?

நெல்லூர் ரோட்டில் சைக்கிள் பயணம்: புறப்படும் முன் போட வேண்டிய கணக்கு

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் செங்குன்றம் பக்கம் போகிறவர்கள் பார்த்திருக்கலாம். தலையில் ஹெல்மெட், முதுகில் வெளிச்சம் பட்டால் மினுங்கும் சட்டை. வரிசையாகச் சைக்கிள்கள் வடக்கே பறக்கும். காரனோடை பாலம், ஜனப்பன்சத்திரம், தச்சூர், கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி... ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா!

"இவ்வளவு தூரம் போறவங்களுக்குத் துணைக்கு ஒரு வண்டி வேணாமா?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

வேண்டுமா, வேண்டாமா என்பதில்தான் சண்டையே!

வேன் வந்தால் அபராதம்

நெடுந்தூர சைக்கிள்காரர்கள் "பிரெவே" என்று ஒன்று ஓட்டுகிறார்கள். 200 கிலோ மீட்டரை 13½ மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. வழியில் குறித்த இடங்களில் அட்டையில் பதிவு செய்ய வேண்டும். அந்த இடங்களில் மட்டுமே வெளி உதவி வாங்கலாம். நடுவழியில் வேன் வந்து தண்ணீர் கொடுத்தால் அபராதம் உண்டு!

பாரீஸ் அருகே தொடங்கும் 1,200 கிலோ மீட்டர் பயணத்துக்கும் இதே சட்டம்தான்.

அமெரிக்காவில் நேர் எதிர். கரையிலிருந்து மறுகரைக்கு சுமார் 4,800 கிலோ மீட்டர் போட்டி. துணை ஆட்களும் காரும் இல்லாவிட்டால் சேர்க்கவே மாட்டார்கள். 2017-ல் சீனிவாஸ் கோகுல்நாத், அமித் சமர்த் என்ற இரு இந்திய டாக்டர்கள் அதைத் தனித்தனியே ஓட்டி முடித்தார்கள். பெருமை அவர்களுக்கு, தூக்கம் கெட்டது துணைக்கு வந்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

துணையே இல்லாமல் உலகம் சுற்றிய கதையும் உண்டு. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு வாலிபர்கள் கிளம்பினார்கள். 1928 மார்ச்சில் திரும்பி வந்தவர்கள் மூவர்: அடி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பம்காரா. ஓட்டியது சுமார் 71,000 கிலோ மீட்டர். பாலைவனத்தில் எந்த வேன் வரும்?

இரும்புக் கம்பி ஆபத்து

கும்மிடிப்பூண்டி ரோட்டுக்கு வருவோம். இங்கே சிப்காட்டில் இரும்பு ஆலைகள் அதிகம். பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் ஓயாது. வெடித்த லாரி டயரின் மெல்லிய கம்பிகள் ரோட்டோரம் கிடக்கும். சைக்கிள் டயரில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. ட்யூபை மாற்றி மாற்றிப் பஞ்சர்!

அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. கம்பெனியின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டி என்றால் எந்தக் கடையிலும் ட்யூப் கிடைக்கும். விலை உயர்ந்த பந்தய சைக்கிளுக்கு? ஒல்லி வால்வில் கடைக்காரர் பம்பு பொருந்தாது. விரல் நுனி அளவு பித்தளை மூடி ஒன்று பையில் இருந்தால் பிழைத்தார். இல்லாவிட்டால் ஐம்பதாயிரம் ரூபாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

இதற்குப் பயந்து சிலர் வேன் வைத்துக் கொள்கிறார்கள். டீசல், டிரைவர் பேட்டா, சுங்கம் எல்லாம் தனிச் செலவு. அதுகூடப் பரவாயில்லை. சைக்கிள் வேகத்தில் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வருகிறார்களே, அதுதான் விபரீதம்! பின்னால் பாய்ந்து வரும் டிரெய்லர் லாரிக்காரருக்கு முன்னால் போகும் வேன் ஊர்வது கடைசி நொடியில்தான் தெரியும். வேன் அடிபட்டால் முதலில் நசுங்குவது சைக்கிள்தான்.

வேன் வேண்டும் என்றால் முப்பது, நாற்பது கிலோ மீட்டர் முன்னே போய் ரோட்டை விட்டு இறங்கிக் காத்திருக்கட்டும்.

புதுசாக ஓட்டுகிறவருக்கு கும்மிடிப்பூண்டி வரை வேனே தேவையில்லை. மின்சார ரெயில் பக்கத்திலேயே ஓடுகிறது. சில ரெயில்கள் சூலூர்ப்பேட்டை வரையும் போகும். கால் ஓய்ந்தால் சைக்கிளை ஸ்டேஷன் பக்கம் பூட்டிவிட்டு ஏறிவிடலாம். அதற்கு அப்பால், இரவில், தனியாக என்றால் விஷயம் வேறு. இன்னொரு சைக்கிள்காரராவது கூட இருக்க வேண்டும். இரண்டு ட்யூப், ஒட்டுச் சாமான், பம்பு, முன்னும் பின்னும் விளக்கு, மாற்று பேட்டரி எல்லாம் கட்டாயம்.

நெடுஞ்சாலை உதவிக்கு 1033. ஆம்புலன்சுக்கு 108. செல்போனில் சார்ஜ் இருக்கிறதா என்பதைச் செங்குன்றத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.