எங்கே தங்குவது?
புத்தளக் கரைக்குப் புறப்படும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்

"இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான்" என்று நம் முன்னோர் கேலியாகச் சொல்லி வைத்தார்கள். குழந்தை குட்டிகளோடும் முதியவர்களோடும் வெளியூர் போய் வந்தவர்கள் மட்டும் பாய் கேட்ட அந்த மனிதனை நகைக்க மாட்டார்கள். இடமும் பாயும் சரியாக அமைந்துவிட்டால் பிரயாணத்தின் பாதிச் சிரமம் தீர்ந்தது. அவை பிசகினாலோ எவ்வளவு அழகான ஊரும் கசந்து போகும்.

இதை நான் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், முன்னேசுவரத்தில் காலைப் பூசை காணவேண்டும் என்று என் தாயார் ஆசைப்பட்டார். பிள்ளைகளோ கடலில் டொல்பின் பார்க்க வேண்டும் என்றார்கள். கைத்தொலைபேசியில் படம் பார்த்து, கற்பிட்டிக் கடற்கரையில் ஓலை வேய்ந்த விடுதியொன்றை ஆவணி மாதத்தில் ஒழுங்கு செய்தேன். படத்தில் கடல் இருந்தது, காற்று இல்லை! இரவு முழுவதும் கூரை படபடத்தது. பாயிலும் தலையணையிலும் மணல். தாயார் கண் மூடவில்லை. விடிந்ததும், இந்தக் காற்றில் படகு போகாது என்று பிள்ளைகளுக்குப் பதில் கிடைத்தது. அங்கிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடி முன்னேசுவரத்தை அடைந்தபோது காலைப் பூசை முடிந்துவிட்டது. "தம்பி, கோயில் சிலாபத்திலே இருக்க, நாங்கள் ஏன் கற்பிட்டியிலே படுத்தோம்?" என்று தாயார் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதன் பின் அவருடைய முழங்கால் நெடும் பிரயாணத்துக்கு இடங்கொடுக்கவும் இல்லை.

குற்றம் விடுதியினுடையதன்று, என்னுடையதே. நான் அழகைப் பார்த்தேன். வந்த காரியத்தைப் பார்க்கவில்லை.

இக்கரைக்கு வந்த பழைய யாத்திரிகர் ஒருவரை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து தமிழகக் கரை நோக்கிப் புறப்பட்ட இபுனு பதூதாவைக் காற்று திசைமாற்றிப் புத்தளப் பக்கம் சேர்த்தது. ஆரியச் சக்கரவர்த்தி அவரை விருந்தினராக ஏற்று உபசரித்தார். வேண்டியதைக் கேட்கலாம் என்று அரசர் சொல்லியும், பாவாத மலையைத் தரிசிக்க வேண்டும் என்ற ஒன்றையே அவர் கேட்டார். அரசரும் ஆளும் உணவும் கொடுத்து வழியனுப்பி வைத்தார். தன் நோக்கம் இன்னதென்று அறிந்தவனுக்கு வழியும் தங்குமிடமும் தாமாகவே அமைகின்றன.

ஆகையால், "நல்ல விடுதி எது?" என்று கேட்பதற்கு முன், "எதற்காகப் போகிறோம்?" என்று வீட்டில் எல்லோரும் கூடியிருந்து கேட்டுக்கொள்வது நலம்.

முன்னேசுவரமே நோக்கமானால் சிலாபத்தில் தங்குங்கள். பட்டினத்திலிருந்து கோயில் சுமார் 3 கிலோமீட்டர்தான். முதியவர்கள் அவசரமின்றி நீராடிப் பூசைக்குப் போகலாம். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையிலுள்ள உடப்பில் ஆடி மாதம் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பைக் காண விரும்புவோருக்கும் சிலாபமே வசதி. வில்பத்துக் காட்டுக்குப் போவோர் புத்தளத்தில் இராத் தங்கினால் அதிகாலையில் அநுராதபுர வீதியைப் பிடிக்கலாம். ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டை, 'தமிழ் புளூட்டாக்' எழுதிய சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்த ஊர், விடியற்காலைக் கடற் பயணம் என்றால் கற்பிட்டிப் பக்கமே தங்கவேண்டும். பாலாவியில் பிரதான வீதியை விட்டுத் திரும்பியபின் கற்பிட்டிக்கு 40 கிலோமீட்டரளவு ஓடவேண்டும். அங்கே புகைவண்டிப் பாதையும் கிடையாது. தலவில புனித அன்னம்மாள் திருத்தலமும் அதே வழியில்தான் இருக்கிறது.

அடுத்தது காலம். கோயில் காலம் வேறு. கடல் காலம் வேறு. உடப்பின் தீமிதிப்பு, தலவிலவின் ஆகஸ்ட் திருவிழா, முன்னேசுவரத்தின் ஆவணி உற்சவம் ஆகிய மூன்றும் சோளகக் காற்று வீசும் மாதங்களில் வருகின்றன. வைகாசி முதல் புரட்டாதி வரை மேலைக் கடல் கொந்தளிக்கும். காற்றாடி கட்டி அலைமேல் சறுக்கும் வெளிநாட்டு இளைஞருக்கு அது கொண்டாட்டம். கைக்குழந்தையோடு போகும் தாய்க்கு அன்று. டொல்பின் பார்க்கும் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. இரண்டையும் ஒரே பயணத்தில் அடக்க விரும்பும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் கடல் அமைதியாயிருக்கும் மாசி, பங்குனி மாதங்களே ஏற்றவை. தலவிலவுக்கு மார்ச் மாதத்திலும் ஒரு திருவிழா உண்டு. முன்னேசுவரத்தில் நித்திய பூசை என்றும் உண்டு.

திருவிழாவுக்கே போவதானால் இடத்தை வெகு முன்னதாக உறுதி செய்யுங்கள். ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில் 1947இல் தொடங்கிய கலைவிழா ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும்போது, அப்பெருநகரிலேயே அறை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வாடகை ஏறிவிடும். சிறிய தலவிலவின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? அங்கே கூடாரமடித்து நாட்கணக்கில் தங்கும் குடும்பங்கள் ஏராளம்.

மூன்றாவது தண்ணீர். கற்பிட்டித் தீபகற்பம் கடலுக்கும் களப்புக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் நிலம். மழைநீர் மணலுக்குள் இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கிணறுகளுக்கு அதுவே ஆதாரம். தோட்டங்களுக்கு இடும் உரத்தால் சில கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. பால்மா கரைக்கும் சிசுக்களுக்கு இது கவனிக்கத்தக்க விஷயம். "குடிநீர் எங்கிருந்து வருகிறது?" என்று விடுதிக்காரரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள். மரக்கறிச் சாப்பாடு தனிப் பாத்திரத்தில் சமைப்பார்களா, கழிப்பறைக்குப் படி ஏறவேண்டுமா, இரவில் வைத்தியரிடம் போக எவ்வளவு தூரம் என்பனவும் கேட்க வேண்டியவையே. கேட்பவரைச் சிடுசிடுக்காமல் பதில் சொல்லுகிற வீடு பெரும்பாலும் நல்ல வீடாகவே இருக்கும்.

நம் நாட்டில் அரசினர் பிரயாணிகள் தங்கக் கட்டிய மனைக்கு 'வாடிவீடு' என்று பெயர். இக்கரை மீனவர் பருவந்தோறும் அமைக்கும் ஓலைக் கொட்டிலுக்கும் 'வாடி' என்றே பெயர். அந்த மீனவர் வாடி போடுமுன் காற்று எந்தத் திசை, மீன் எந்தப் பக்கம், நல்ல தண்ணீர் எங்கே என்று பார்க்கிறார். பருவம் மாறினால் வாடியைப் பிரித்துக்கொண்டு போகிறார். காட்சி அழகாயிருக்கிறதென்று எவரும் வாடி போடுவதில்லை.

பிள்ளைகளின் விடுமுறை வரும்போது நாமும் அந்த மூன்றையும் பார்த்துப் புறப்படுவோம். வீட்டில் வயது சென்ற தாயோ தகப்பனோ இருந்தால், முதலில் அவர்களுடைய ஆசையைக் கேட்டு அதற்கருகே பாய் விரிப்போம். கடல் அடுத்த ஆண்டும் அங்கேதான் இருக்கும்.