உப்புக் காற்றுக்கு ஒரு கணிப்பொறி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போனால் கடப்பாக்கம் வரும். அங்கிருந்து கடலை நோக்கித் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த செங்கற் சுவர்கள். கோட்டைக்கு முன்னால் கழிமுகம், அப்பால் மணல் திட்டு, அதற்கும் அப்பால் வங்கக் கடல். இந்தப் பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். கழி என்பது உப்பங்கழி. இன்னும் தெற்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். எங்கு பார்த்தாலும் உப்புத்தான்!

இளம் நண்பர்களே, நீங்கள் இந்த ஊரில் வசிப்பதாக வைத்துக் கொள்வோம். பாகங்களைத் தனித்தனியே வாங்கி, சொந்தக் கையால் ஒரு கணிப்பொறியைப் பூட்டப் போகிறீர்கள். வீட்டில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. பாகங்களுக்குச் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும். அங்கே கிடைக்காத மின்னணுச் சாமானே இல்லை என்பார்கள். ஆனால் பொருந்தாத ஒன்றை வாங்கி வந்துவிட்டால், மாற்றுவதற்கு மறுபடியும் இருநூறு கிலோமீட்டர் பஸ் பயணம். கடைக்காரர் மாற்றித் தருவாரா என்பது வேறு கேள்வி. ஆகவே போகுமுன் யோசிப்பது நல்லது.

வெவ்வேறு கம்பெனிகள் செய்த பாகங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன? 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். கம்பெனி தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, பிராசஸர் உட்படப் பல பாகங்களை வெளியிலிருந்து வாங்கியே பூட்டியது. மின்சுற்று வரைபடங்களையும் புத்தகமாகவே வெளியிட்டது. இதனால் மற்றவர்களும் அதற்குப் பொருந்தும் பாகங்களைச் செய்யத் தொடங்கினார்கள். 1995-ல் வந்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுத் திட்டம் மதர்போர்டின் நீள அகலம், திருகுத் துளைகளின் இடம், மின் இணைப்பின் வடிவம் ஆகியவற்றை வரையறுத்தது. இன்றும் நாம் வாங்கும் கேபினெட்டுகளில் பெரும்பாலானவை இந்தத் திட்டத்தின் வழி வந்தவைதாம்.

ஆனால் பொருந்துவது போலத் தோன்றுவதெல்லாம் பொருந்தாது. டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என்ற இரு வகை ராம் பலகைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் 288 தொடு முனைகள், நீளமும் ஒன்றே. அடிவிளிம்பில் உள்ள சிறிய வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றுக்கு 1.2 வோல்ட், மற்றதற்கு 1.1 வோல்ட், உள்ளே மின்சாரம் பங்கிடப்படும் முறையும் வேறு. தவறான பலகை உள்ளே நுழையாதிருக்கவே அந்த வெட்டை நகர்த்தி வைத்திருக்கிறார்கள். அழுத்தித் திணிக்காதீர்கள்! 2021-ல் வந்த 1700 முனை பிராசஸர்கள் இரு வகை ராமையும் ஏற்கும். ஆனால் அவற்றுக்கான மதர்போர்டு பெரும்பாலும் ஏதேனும் ஒரு வகையைத்தான் ஏற்கும். எனவே பிராசஸரைப் பார்த்து ராம் வாங்கக் கூடாது. போர்டைப் பார்த்து வாங்க வேண்டும்.

முனைகள் பொருந்தினால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. போர்டில் பதிந்திருக்கும் தொடக்க நிரலுக்கு, அதாவது பயாஸுக்கு, பிராசஸரை அடையாளம் தெரிய வேண்டும். 2017-ல் செய்த ஏ.எம். 4 போர்டில் 2020-ல் வந்த பிராசஸர் அச்சாக உட்காரும். பயாஸைப் புதுப்பிக்காவிட்டால் திரை இருட்டாகவே கிடக்கும். கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். இன்டெல் பிராசஸரின் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் படம் காட்டும் பகுதி கிடையாது. விலை குறைவு என்று அதை வாங்கினால், கிராபிக்ஸ் கார்டு ஒன்றையும் சேர்த்து வாங்க நேரிடும்.

இனி எஸ்.எம்.பி.எஸ். பலரும் கடைசியில் மிஞ்சிய பணத்தில் வாங்குகிற பாகம் இது. என்னைக் கேட்டால் முதலில் இதற்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும். பெட்டியின் மேல் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கலாம். அதை நம்பாமல், பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் வரிசையிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. அந்த வரிசையில் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள். 192 வாட்! 450 எங்கே, 192 எங்கே?

அதற்குள்ளே இருக்கும் மின்பகுபொருள் மின்தேக்கிகளின் ஆயுளையும் நீங்களே கணக்கிடலாம். அவற்றின் மேல் வெப்பநிலை அச்சிடப்பட்டிருக்கும்: 85 டிகிரி அல்லது 105 டிகிரி. இரண்டும் அந்தந்த வெப்பநிலையில் 2000 மணி நேரம் உழைப்பவை என்று கொள்வோம். வெப்பம் 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. பெட்டிக்குள் 65 டிகிரி இருந்தால், 85 டிகிரி மின்தேக்கி இரண்டு முறை இரட்டித்து 8000 மணி நேரம் உழைக்கும். ஓயாமல் ஓடினால் பதினோரு மாதம். 105 டிகிரி வகையோ நான்கு முறை இரட்டித்து 32,000 மணி நேரம், அதாவது மூன்றரை ஆண்டுக்கு மேல். ஆனால் இதைப் பார்ப்பதற்காக எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்து விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். பாகத்தின் விவரக் குறிப்பில் இது எழுதியிருக்கும். நல்ல தயாரிப்பாளர்கள் இதைப் பெருமையோடு சொல்வார்கள்.

வீட்டில் உள்ள இன்வெர்ட்டரும் கணிப்பொறியோடு பொருந்த வேண்டும். மின்சாரம் நின்றதும், தான் தேக்கி வைத்ததைக் கொண்டு எஸ்.எம்.பி.எஸ். சுமார் 16 மில்லி விநாடி தாக்குப் பிடிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு முழுச் சுழற்சிக்கே 20 மில்லி விநாடி ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள்! பல இன்வெர்ட்டர்களில் யூ.பி.எஸ்., நார்மல் என்று இரு நிலைகளுள்ள ஒரு சிறு விசை இருக்கும். நார்மல் நிலையில் பாட்டரிக்கு மாறச் சில பத்து மில்லி விநாடிகள்கூட ஆகலாம். மின்விசிறிக்கு அது தெரியாது. கணிப்பொறியோ அணைந்து, நீங்கள் எழுதிக் கொண்டிருந்ததும் போய்விடும். விசையை யூ.பி.எஸ். பக்கம் தள்ளினாலே பல வீடுகளில் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும்.

இவை எந்த ஊருக்கும் பொருந்தும். கடப்பாக்கத்துக்கென்று ஒரு தனி விஷயம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் கடலோர ஊர் ஒன்றில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். கோடை விடுமுறை முழுதும் மூடிக் கிடந்த கணிப்பொறி, விசையைப் போட்டதும் பீப் பீப் என்று கத்தியதே தவிர இயங்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பார்த்தேன். திருகுகளில் துரு, ராம் பலகையின் முனைகளில் வெளிர் பச்சைப் படிவு. மென்மையான வெள்ளை அழிப்பானால் லேசாகத் துடைத்து மீண்டும் செருகியதும் ஓடத் தொடங்கியது. (அழுத்தித் தேய்த்தால் தங்கப் பூச்சும் போய்விடும், எச்சரிக்கை!) போர்டின் வேறொரு மூலையில் செம்புத் தடம் ஒன்று அரித்துப் போயிருந்தது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அரிப்பு என்றால் பெரும்பாலும் வாரண்டியும் செல்லாது.

என்ன நடந்தது? அலைகள் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் தூளாகின்றன. கணிப்பொறியின் விசிறி அதை உள்ளே இழுத்துப் பரப்புகிறது. உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் அவ்வளவு தீங்கில்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவிகிதத்தைத் தாண்டியதும் உப்பு நீரை ஈர்த்துத் தானே கரைந்துவிடுகிறது. கரைந்த உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். இரு வேறு உலோகங்கள் தொடும் இடத்தில் அது ஒரு சிறு மின்கலமாகவே ஆகிவிடும். 1990-களில் ராம் பலகையில் தங்க முனை என்றால் போர்டின் பொருத்தியிலும் தங்கமே இருக்கட்டும், தகரம் என்றால் தகரமே இருக்கட்டும் என்று அறிவுறுத்தியது சும்மா அல்ல. இரண்டும் கலந்தால், தகரத்தின் ஆக்சைடு தங்கத்தின் மேல் ஒட்டிக் கொண்டு தொடர்பைக் கெடுத்தது.

ஆகவே இந்த ஊருக்கு வாங்கும்போது, தூசி வடிகட்டும் வலை உள்ள, உள்ளும் புறமும் வர்ணம் பூசிய கேபினெட்டாகப் பாருங்கள். கண்ணாடியும் வண்ண விளக்கும் இல்லாவிட்டால் பாதகமில்லை. வலையை அடிக்கடி கழுவி நன்றாக உலர்த்திப் பொருத்துங்கள். கடலைப் பார்த்த ஜன்னலருகே வைக்காதீர்கள். இன்னொன்று, தினமும் சிறிது நேரமாவது ஓட விடுங்கள். 30 டிகிரியில் 80 சதவிகித ஈரமுள்ள காற்று, கணிப்பொறியின் வெப்பத்தால் 40 டிகிரிக்கு ஏறினால், அதே காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 46 சதவிகிதமாகக் குறைகிறது. அப்போது உப்பு கரையாது. ஓடும் கணிப்பொறியைவிட உறங்கும் கணிப்பொறியைத்தான் கடற்காற்று விரைவில் தின்கிறது.

நம்ப முடியவில்லையா? இன்றிரவே செய்து பாருங்கள். இரண்டு சிறு தட்டுகளில் சிட்டிகை சிட்டிகையாகத் தூள் உப்பைப் பரப்புங்கள். ஒன்றைத் திறந்த ஜன்னலோரத்தில் வையுங்கள். மற்றதை, இரவும் பகலும் இளஞ்சூடாக இருக்கும் இன்டர்நெட் ரௌட்டருக்கு அருகே, அதன் மேல் சிந்தாதபடி வையுங்கள். காலையில் எழுந்ததும் இரண்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள்.